எஸ்தர் பாட்டு ஃபைனல்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். யூனிஃபார்ம் இரண்டு செட் துவைத்து மாடிக் கொடியில். மழை வந்தால் ரூம்மேட் கௌசி எடுத்து வைப்பாள் என்று நம்பிப் போனேன். எடுக்கவில்லை.

சுங்குவார்சத்திரத்திலிருந்து பஸ் மாறி எஸ்தர் அக்கா வீடு. ஒரகடத்துக்கு உள்ளே, ஏரிக்கரை ஊர். பையில் லேப்டாப், மைக், ஹெட்போன், இரண்டு போர்வை. பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா: "போர்வ விக்கிறியாம்மா? எவ்ளோ?"

ரெக்கார்டிங் முடிந்தது. ஒரே நாளில். நம்ப முடியவில்லை.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கழுத்தில் தைராய்டு கட்டி. கெட்ட கட்டி இல்லையாம், ஆனால் வளர்ந்து மூச்சுக்குழாயை அமுக்குகிறது. குரல் நரம்பு அதை ஒட்டியே போகிறது. பேச்சு வந்துவிடும், பாட்டு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வந்த மறுநாள் கம்பெனி கேன்டீனில் அக்கா என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் பொட்டில என் பாட்ட புடிச்சு வெச்சிடு மீனா. அப்பால இன்னா வேணா ஆவட்டும்."

பொட்டி என்றால் என் லேப்டாப். போன தீபாவளிக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பாட்டு செய்யும் சாப்ட்வேரை வீடியோ பார்த்துப் பார்த்தே பழகினேன். சாத்தூரில் அம்மா நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

பாட்டு அக்காவே கட்டியது. கம்பெனி அசெம்பிளி லைனில் எனக்கு எதிர் சீட் அவள். சர்க்யூட் போர்டில் சின்னச் சின்ன பார்ட்டை இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டே மாஸ்க்குக்குள் முணுமுணுப்பாள்.

பஸ்ஸு வருது பஸ்ஸு வருது பட்டன் போடுடி
பாதித் தூக்கம் கண்ணுக்குள்ள பத்ரம் பண்ணுடி

பீரோ இருக்கும் உள் அறை. ஜன்னலில் ஒரு போர்வை, கதவில் ஒன்று. ஃபேன் ஆஃப். இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. அவள் வீட்டுக்காரர் டேவிட் அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், இன்று சவாரிக்குப் போகாமல் வாசலில் காவல். கோழியை விரட்ட, பக்கத்து வீட்டு டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்ல.

கரண்ட் போய்விடுமோ என்று பயம். லேப்டாப் பேட்டரி தாங்காது. அதனால் உள்ளே போய் உட்கார்ந்ததுமே ரெக்கார்ட் அழுத்திவிட்டேன். சேவ் செய்தது கடைசியில்தான். பெயர்: எஸ்தர் பாட்டு ஃபைனல்.

பல்லவி, மூன்று சரணம். சரியில்லாத டேக்கை எல்லாம் அப்போதே டெலிட். மூன்றாவது சரணம்தான் எனக்குப் பிடித்தது:

மூஞ்சிய மூடி முடிய மூடி எல்லாம் ஒண்ணுடி
மூக்கு சொறியக் கை தூக்கறது நாந்தான் கண்டுக்கடி

"கண்டுக்கடி"யில் குரல் மேலே ஏறி நிற்கும். ஏறும்போது அந்தக் கட்டி கழுத்தில் துடிப்பது தெரிந்தது. நான் லெவல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது, "போன்ல அனுப்புடி" என்றாள். மிக்ஸ் முடியட்டும், அரைகுறையா தர மாட்டேன் என்றேன்.

மதியம் மீன் குழம்பு. இன்னும் விரலில் வாசனை.


ஜூலை 9, புதன்

வெயில். ஏ ஷிஃப்ட். சூப்பர்வைசர் மூட் அவுட், காரணம் யாருக்கும் தெரியாது.

லேப்டாப் உயிரை வாங்குகிறது. இரண்டு டிராக் சேர்த்து ஓட்டினால் நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் இடமே இல்லை. ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூர், சலீம் பாய் கடை. லேப்டாப் சர்வீஸ், போன் சர்வீஸ், டெம்பர் கிளாஸ் எல்லாம் அவரே. பின்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, "இந்த டிஸ்க்கு ஆயுசு முடிஞ்சிட்ச்சுமா. புச்சா எஸ்எஸ்டி போட்டா பறக்கும். பழசு இன்னும் கொஞ்ச நாள் எங்கனா ஓடும், அத நான் எட்துக்கறேன், ரேட்டுல கொறச்சிக்கலாம்."

சரி என்றேன்.

"வேணுங்கறத பென் டிரைவ்ல எட்துக்கோ. எல்லாம் எட்துட்டியா? அப்பால அழக்கூடாது."

எஸ்தர் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒரே ஃபைல். ரொம்பச் சின்னது. நொடியில் காப்பி ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய பாட்டு இத்தனூண்டுக்குள் அடங்கிவிட்டதே என்று சந்தோஷம் வேறு.

எடுத்துவிட்டேன் பாய் என்றேன்.


ஜூலை 11, வெள்ளி

ஆபரேஷன். லைனில் அவள் சீட்டில் ஒரு புதுப் பொண்ணு, ட்ரெய்னி. பாவம். நான் அவளைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறாள்.

லாக்கரில் போனை வைத்துவிட்டால் ஷிஃப்ட் முடியும்வரை ஒன்றும் தெரியாது. வெளியே வந்ததும் டேவிட் அண்ணனுக்குப் போன். "முடிஞ்ச்சுமா. கண்ணு தொறந்துட்டா. பேசக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. தலைய ஆட்றா."

பஸ்ஸில் தூங்கிவிட்டேன். ஸ்டாப் தாண்டி இறங்கி நடை.


ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். லேப்டாப் வந்தது. உண்மையிலேயே பறக்கிறது. சாப்ட்வேர் போட்டு, பென் டிரைவ் செருகி, எஸ்தர் பாட்டு ஃபைனல் திறந்தேன்.

ஒரு பெட்டி வந்தது. கீழ்க்கண்ட ஃபைல்களைக் காணவில்லை. கீழே ஒரு வரிசை.

மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். அதே பெட்டி.

டிராக் எல்லாம் இருக்கிறது. நான் வைத்த பெயரே இருக்கிறது, பல்லவி, சரணம் 1, 2, 3. ஆனால் அலை அலையாகத் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். ப்ளே அழுத்தினேன். டிரம் வாசிக்கிறது. கீபோர்டு வாசிக்கிறது. அக்கா பாட வேண்டிய இடம் வருகிறது, இரண்டும் அவளுக்காக வாசித்துக்கொண்டே போகின்றன. அவள் வரவில்லை.

கௌசி: "என்னடி, வெறும் மேளம் கேக்குது? பாட்டு எங்க?"

பாத்ரூமில் போய் உட்கார்ந்திருந்தேன். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டியதும் எழுந்து வந்தேன்.


ஜூலை 14, திங்கள்

மழை. கம்பெனி பஸ் லேட்.

போகும்போதும் வரும்போதும் வீடியோ, ஹெல்ப் பக்கம், எது கிடைத்தாலும். இதுவரை பட்டன் அழுத்தத்தான் தெரியும். பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. இன்று புரிந்ததை எழுதி வைக்கிறேன், இனி மறக்கக் கூடாது.

புராஜெக்ட் ஃபைல்: அது பாட்டு இல்லை. பாட்டுக்கு வொர்க் இன்ஸ்ட்ரக்ஷன். லைனில் எங்கள் தலைக்கு மேல் தொங்குமே, எந்த டப்பாவிலிருந்து எந்தப் பார்ட்டை எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று, அதேதான். ஷீட்டில் பார்ட் இருக்காது. அதனால்தான் அத்தனை சின்ன ஃபைல்.

வேவ்: மைக்கில் பிடித்த குரல். நிஜப் பார்ட். பெரிய பெரிய ஃபைல். புராஜெக்ட்டுக்கு வெளியே தனியாகக் கிடக்கும்.

மிடி: சத்தமே இல்லை. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்து என்கிற குறிப்பு மட்டும். அது புராஜெக்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், சத்தத்தைச் சாப்ட்வேரே போட்டுக்கொள்ளும். அதனால்தான் மேளம் கேட்கிறது, அக்கா கேட்கவில்லை.

எம்பி3: எல்லாம் முடிந்து சுருக்கி வெளியே அனுப்புவது. போனில் அனுப்புடி என்று கேட்டாளே. அன்றைக்கே அரைகுறையாக ஒன்று அனுப்பியிருந்தால். சரி, விடு.

ஒன்று மட்டும் இடித்தது. வேவ் எல்லாம் எஸ்தர் ஃபோல்டரிலேயே இல்லையே, நான்தான் பார்த்தேனே. அப்புறம் அந்தப் பெட்டியையே நிதானமாகப் படித்தேன். காணாமல் போன ஒவ்வொரு ஃபைலுக்கும் அது எங்கே இருந்தது என்று முழு விலாசம் போட்டிருக்கிறது. நேற்றுப் பதற்றத்தில் படிக்கவில்லை. சேவ் செய்யாமல் ரெக்கார்ட் அழுத்தினால் சாப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு வேறொரு ஃபோல்டரில் போட்டு வைக்குமாம். நான் எட்டிக்கூடப் பார்க்காத ஃபோல்டர்.

ஆக, குரல் பழைய டிஸ்க்கில் இருந்திருக்கிறது. டிஸ்க் சலீம் பாயிடம். போன் போட்டேன், எடுக்கவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

அக்கா நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே. இரண்டு ஆப்பிள், ஒரு மாதுளை. கழுத்தில் வெள்ளைப் பட்டை. முகம் வீங்கி, ஆனால் கண் அதே கண். பேசக்கூடாது. போனில் தட்டிக் காட்டுகிறாள். "சாப்ட்டியா?"

டேவிட் அண்ணன்: "பாட்டு ரெடியாமா? அத்த கேட்டா இவ கொஞ்சம் தெம்பாவா."

பொய் சொல்லலாம் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். மிக்ஸ் ஆகிறது, அடுத்த வாரம் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைல், டிஸ்க், பாய், அந்த ஃபோல்டர். டேவிட் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்கா ஏதோ தட்டினாள், அழித்தாள். பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள்.

"அழாத. தேடு."


ஜூலை 16, புதன்

உச்சி வெயில். பாய் கடை. அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "அந்த டிஸ்க்கா? ஐயோ. சனிக்கெழமையே போட்டுட்டேன்மா. டிரைவிங் ஸ்கூல் மேடம் கம்ப்யூட்டர்ல. எடம் பத்தலன்னாங்க, ரெண்டாவது டிஸ்க்கா சொருகிட்டேன்."

"ஃபார்மேட் பண்ணிட்டீங்களா பாய்?"

"பண்ணாம எப்டிமா குட்ப்பேன்?"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவரே டப்பாவைத் தள்ளி வைத்தார். "இன்னா இருந்துச்சு அதுல?"

சொன்னேன்.

"நான் கேட்டேனேமா. எல்லாம் எட்துட்டியான்னு."

"கேட்டீங்க பாய். எடுத்துட்டேன்னுதான் நானும் நெனச்சேன்."

கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார். "பாரு, நான் பண்ணது குயிக் ஃபார்மேட். லிஸ்ட்டுதான் அழியும். சரக்கு உள்ளேயேதான் கெடக்கும், அது மேல வேற எழுதற வரைக்கும். அந்த மேடம் எவ்ளோ எழுதிக்கீறாங்களோ, அல்லாக்குத்தான் தெரியும். வா, போலாம்."

கடையைச் சாத்திவிட்டே வந்தார்.


ஜூலை 16, தொடர்ச்சி

டிரைவிங் ஸ்கூல் ஒரே அறை. சுவரில் ரோடு சைன் படம். எல்எல்ஆர் எடுக்க நான்கைந்து பேர் காத்திருக்கிறார்கள், எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனி ஐடி கார்டோடு. மேடம் ஒவ்வொருத்தர் ஆதாரையும் ஸ்கேன் செய்து சேவ், சேவ், சேவ். எது எதன் மேல் ஏறுகிறதோ.

"மேடம், தயவுசெஞ்சு கொஞ்சம் நிறுத்துங்க. எதையும் சேவ் பண்ணாதீங்க."

"இன்னாமா இது, வந்ததும் வராததுமா? ஜனம் நிக்கிது பாரு. கடைய இழுத்து மூடவா?"

பாய் விளக்கினார். வேறு டிஸ்க் மாட்டி, அவர்கள் ஃபைல் அத்தனையும் அதில் போட்டுத் தருவதாக. மேடத்துக்குக் காதில் ஏறவில்லை. "இன்னா அப்டி ஒசந்த பாட்டு? சினிமா பாட்டா?"

"இல்ல மேடம். எங்க லைன் அக்கா பாடுனது. அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு. இனிமே அந்தக் குரலு வருமான்னு தெரியாது."

"எங்க, பாடு பாப்போம்."

நானா! எனக்குக் குரலே கிடையாது. ஸ்கூல் பிரேயரிலேயே வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்கள். ஆனால் பாடினேன். காத்திருந்தவர்கள் முன்னாலேயே, பஸ்ஸு வருது பஸ்ஸு வருது பட்டன் போடுடி. சுருதி எங்கேயோ போனது. ஒரு பொண்ணு சிரித்துவிட்டாள். மேடம் சிரிக்கவில்லை.

"நானும் கம்பெனி பஸ் ஏறுனவதான்," என்றார். மவுஸை விட்டுக் கையை எடுத்தார். "கயட்டிக்கோ பாய். சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஓடணும்."

ஓடியது. பாய் சொன்ன சொல் காப்பாற்றினார்.


ஜூலை 19, சனி

டிஸ்க் பாய் கடையில், தனியாக ஒரு கேபிளில் மாட்டி. அழிந்ததை மீட்கும் சாப்ட்வேர். எந்த வகை ஃபைலைத் தேட வேண்டும் என்று முதலில் கேட்கிறது. பாய் எல்லாவற்றையும் டிக் பண்ணப் போனார்.

"வேவ் மட்டும் போதும் பாய்."

"எம்பி3 வேணாம்?"

"எடுக்கவே இல்ல. இருந்தா வேவ்ல மட்டுந்தான் இருக்கும்."

பழைய டிஸ்க், மெதுவாக ஓடியது. பாய் நடுவில் போய்த் தொழுதுவிட்டு வந்தார். நான் எதிரே ஜூஸ் கடையில் சாத்துக்குடி, திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே கோடு. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், "இது பெரிய கேசு, தொடாத" என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு மலை. நூற்றுக்கணக்கில். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெயர் எல்லாம் அந்த லிஸ்ட்டோடு போய்விட்டது. வெறும் நம்பர். ஏதோ ஒன்றைத் திறந்தேன். டிக் என்று ஒரு சத்தம். என் பழைய டிரம் சாம்பிள். இன்னொன்று, டொம்.

பாய்: "எல்லாத்தியும் ஒவ்வொண்ணா கேக்கப் போறியா?"

ஆமாம் பாய்.


ஜூலை 20, ஞாயிறு

காலை மழை, பிறகு வெளிச்சம். கௌசி ஊருக்குப் போயிருக்கிறாள். ரூம் எனக்கே. உப்புமா கிண்டி, அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

முதலில் அளவு வாரியாக அடுக்கினேன். டிக், டொம் எல்லாம் பொடி ஃபைல். தள்ளு. பெரியது மட்டும் மேலே. அதிலும் நான் முன்னே விளையாட்டுக்குப் பிடித்தது நிறைய. ரயில் சத்தம், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் எடுத்தது. கேன்டீன் தட்டுச் சத்தம். ஹாஸ்டல் தண்ணி லாரி. இதெல்லாம் எதற்குப் பிடித்தேன்?

திடீரென்று ஹெட்போனில் டேவிட் அண்ணன்: "சூ! ஏய் சூ! போ அப்பால!" கோழி. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

அடுத்தது அக்கா. "இன்னாடி, ஆரம்பிச்சிட்டியா? சொல்ல மாட்டியா?" அப்புறம் ஒரு மூச்சு. பல்லவி.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். உப்புமா ஆறிவிட்டது.

எது எந்தச் சரணத்துக்கு எடுத்த டேக் என்று குழப்பம் வந்தது. இரண்டாவது சரணமே நாலைந்து தடவை பாடியிருக்கிறாள், டெலிட் செய்ததில் சிலதும் மீண்டு வந்திருக்கிறது. அப்போதுதான் சாம்பல் கட்டங்கள் ஞாபகம் வந்தன. புராஜெக்ட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நீளம் என்று இருக்கிறது. அங்கே நீளம், இங்கே நீளம். பொருந்துவதை எடுத்து, காணாமல் போன பெயரையே அதற்குச் சூட்டி, இதுதான் அது என்று சாப்ட்வேருக்குக் காட்டினேன். கட்டம் நிறம் மாறியது. உள்ளே அலை வந்து உட்கார்ந்தது.

போன ஞாயிறு வெறும் ஷீட்டாக இருந்தது. நேற்று வெறும் குவியலாக இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் அக்கா பாடுகிறாள்.

பல்லவி சரி. சரணம் 1 சரி. சரணம் 2 சரி.

சரணம் 3. முதல் வரி முழுசாக வந்தது. இரண்டாவது வரியில் "மூக்கு" வரைக்கும். அதற்கு மேல் காதைக் கிழிக்கிற இரைச்சல், சூடான எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி. யாரோ ஒருத்தருடைய ஆதார் அதன் மேல் ஏறிவிட்டது. வேறு டேக் இருக்கிறதா என்று மீதி எல்லாவற்றையும் கேட்டேன். மூன்றாவது சரணத்தில் டெலிட் செய்தது ஒன்றுகூட வரவில்லை.

கேட்டு முடித்தபோது தெருவில் லைட் போட்டுவிட்டார்கள்.


ஜூலை 22, செவ்வாய்

ஃபோல்டர் வேலை. இனி எந்தப் பாட்டானாலும் இப்படித்தான். முதலில் ஃபோல்டர், அதற்குள் சேவ், அதற்குப் பிறகுதான் மைக்கையே செருகுவது. குரல் தனி, சாம்பிள் தனி, வெளியே அனுப்புவது தனி. பெயரில் பாட்டு, பகுதி, எத்தனையாவது டேக். ஃபைனல் என்கிற சொல்லை இனி எந்த ஃபைலுக்கும் வைக்க மாட்டேன். நம்பர் போதும்.

முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் ஒன்று, கௌசி போனில் ஒன்று, பாய் கடையில் ஒன்று. காப்பி செய்ததோடு விடாமல் மூன்றையும் திறந்து பார்த்தேன்.

பாய்: "இப்ப எல்லாம் எட்துட்டியா?"

"எடுத்துட்டேன். ஓட்டிக் கேட்டுட்டும் வந்துட்டேன்."


ஜூலை 27, ஞாயிறு

அக்கா வீடு. கட்டுப் பிரித்துவிட்டார்கள். கழுத்தில் மெல்லிய கோடு, நெக்லஸ் போட்ட மாதிரி. பேசுகிறாள், காற்றாக. பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும்.

ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். விரலால் பாயில் தாளம். டேவிட் அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டாவது சரணம் வரும்போது அவருக்குத் தெரிந்துவிட்டது, தலையை ஆட்டினார்.

மூன்றாவது சரணத்தில் "மூக்கு"க்குப் பிறகு இரைச்சலை வெட்டியிருக்கிறேன். அங்கே வெறும் டிரம். அக்கா கண்ணைத் திறந்தாள்.

நான் யோசித்து வைத்ததைச் சொன்னேன். "மீதிய மத்த சரணத்துல இருந்து வெட்டி ஒட்டிரலாம்க்கா. இல்லேன்னா அந்த எடத்துல பல்லவியவே திருப்பிப் போட்டு முடிச்சிரலாம். யாருக்கும் தெரியாது."

அக்கா என் காதருகே வந்தாள். காற்றுதான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"எனக்குத் தெரியும் இல்ல?"

டேவிட் அண்ணன்: "டாக்டரு இன்னும் பாடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு எஸ்தரு."

"இப்பவா பாட்றேன்னேன்?"


ஆகஸ்ட் 13, புதன்

பி ஷிஃப்ட். வெயிலா மழையா, பார்க்கவில்லை.

அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். ட்ரெய்னி பொண்ணு பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தாள். அக்கா குரல் வந்திருக்கிறது, ஆனால் வேறு குரல். தாழ்ந்து, ஓரத்தில் கொஞ்சம் மணல். கேன்டீனில் முதலில் கேட்ட ஒருத்தி, "என்னக்கா, ஜலதோஷமா?"

"ஆமாண்டி, ஜலதோஷம். கத்தி வெச்சு எட்தாங்க."

மாஸ்க்குக்குள் முணுமுணுப்பு மட்டும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். ஷிஃப்ட் முழுக்க இல்லை.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு சுரம், "ம்ம்ம்" என்று, கீழே ஆரம்பித்து மேலே போகப் பார்த்து, நடுவில் உடைந்து, திரும்ப ஆரம்பித்து. பின்னால் ஆட்டோ என்ஜின். கடைசியில்: "டாக்டரு மெதுவா பாடிப் பாருன்னாரு. அட்த்த ஞாயிறு பொட்டிய எட்துக்கினு வா."

பயமாக இருக்கிறது. அவள் கேட்டு, தனக்கே பிடிக்காமல் போனால்?

பயந்து என்ன ஆகப் போகிறது. போர்வை துவைக்கப் போட்டிருக்கிறேன்.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

நல்ல வெயில், ஒரு பொட்டு மேகம் இல்லை.

உள் அறை. ஃபேன் ஆஃப். டேவிட் அண்ணன் வாசலில்.

அக்கா ஹெட்போன் மாட்டினாள். இரண்டாவது சரணத்தின் கடைசியிலிருந்து ஓட்டினேன், பழைய குரலைக் கேட்டுக்கொண்டே அதைத் தொட்டுப் பாடட்டும் என்று. அவள் முறை வந்தது. வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

நிறுத்தினேன். "பரவால்லக்கா."

"நீ நிறுத்தாத. ஓட்டு."

இரண்டாவது தடவை முதல் வரி வந்தது. சின்னதாக, ஆனால் சுருதியில். "மூக்கு சொறியக் கை தூக்கறது" வரைக்கும் வந்துவிட்டாள். அங்கிருந்து மேலே ஏற வேண்டும். ஏறினாள், குரல் கிழிந்தது. திரும்ப. கிழிந்தது. நெற்றியில் வேர்வை மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் அந்தக் கோடு சிவந்துவிட்டது. எனக்குப் போதும் என்று சொல்லத் தோன்றியது. டேவிட் அண்ணனும் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். அவள் கையை மட்டும் அசைத்து அவரைப் போகச் சொன்னாள்.

"சுதிய எறக்கித் தரவாக்கா? மிடிதான, ஒரு பட்டன்தான். கூடவே பழைய குரலும் சேர்ந்து எறங்கும்."

"அத்த தொடாத. அது அப்டியே இருக்கட்டும். நானே வழி பாத்துக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு இல்லாமல், வாய்க்குள்ளேயே என்னவோ தேடினாள். ரொம்ப நேரம். பிறகு ஓட்டு என்று விரலைக் காட்டினாள்.

மூஞ்சிய மூடி. முடிய மூடி. எல்லாம் ஒண்ணுடி. மூக்கு சொறியக் கை தூக்கறது நாந்தான். அங்கே மேலே போகவே இல்லை. கீழே இறங்கினாள். படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்குகிற மாதிரி, கண், டுக், கடி. இத்தனை நாள் அந்த இடம் விளையாட்டாக இருந்தது. இப்போது பக்கத்தில் வந்து தோளில் கை வைத்துச் சொல்கிற மாதிரி இருந்தது.

முழுசாகப் போட்டுக் கேட்டோம். இரண்டு சரணம் ஒரு எஸ்தர், மூன்றாவது சரணம் இன்னொரு எஸ்தர். ஒட்டுப் போட்டது தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது. நான் மறைக்கப் போவதில்லை.

"போதும்க்கா. அருமையா வந்துருச்சு. இதையே வெச்சுக்கலாம்."

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வெச்சுக்கோ," என்றாள். "இன்னொரு தபா."